கலியமூர்த்தி வீட்டுக்குச் சுறாப்புட்டு

ஒரு சுறா சாவதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன். எண்பத்திரண்டாம் வருஷம், புதுச்சேரி பஸ் நிலையச் சுவரில் ஒரு சுறா படப் போஸ்டரைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி இப்படி ஒரு சபதம் எடுத்தேன்.

என் கஷ்டம் உங்களுக்குப் புரியவேண்டும். எனக்குச் சுறா படம் என்றால் உயிர். மற்றவர்கள் கதாநாயகனுக்காகப் படம் பார்ப்பார்கள். நான் துடுப்புக்காகப் பார்ப்பேன். நல்ல சுறா படம் என்றால் முதல் பாதியில் சுறாவைக் காட்டவே கூடாது. வெறும் தண்ணீரைக் காட்டவேண்டும். முதுகுத் துடுப்பு மட்டும் மெதுவாக வரவேண்டும், போகவேண்டும். அப்போதுதான் வயிறு கலங்கும். கடலை ஒட்டிய குருசுக்குப்பத்தில் பிறந்தும் அலையில் கால் நனைக்கப் பயப்படுகிறவன் நான். நாற்காலியில் உட்கார்ந்து கலங்குவதுதான் எனக்குச் சௌகரியம்.

ஆனால் இதுவரை எந்தப் படத்திலும் சுறா செத்து நான் பார்த்ததில்லை. காரணம் என் மனைவி செல்வாம்பாள். வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். முதல் சுறா படத்துக்கு அவளை ஆசை ஆசையாகக் கூட்டிப்போனேன். சுறா வாயைத் திறந்தது. தியேட்டரே மூச்சை அடக்கியது. அவள் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

“இன்னாங்க, இது பொம்மைங்க! செவுளு ஆடவே இல்ல பாருங்க!”

“கத்தாதடி.”

“நெசச் சுறா வாலை இப்பிடியா ஆட்டும்? எங்கண்ணன் பாத்தா சிரிப்பாரு. இம்மாம் பெருசு புட்டுக்கும் ஆவாது. சதை நாரு நாரா இருக்கும்.”

தியேட்டர் சிரித்தது. அலறவேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தது. மேனேஜர் வந்து கும்பிட்டு எங்களை வெளியே அனுப்பிவைத்தார். இரண்டாவது படம் எங்களுக்கு இடைவேளையோடு முடிந்தது. திரையில் கடலைப் பார்த்ததும் அவளுக்கு அம்மா வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நேரே வீராம்பட்டினம் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

ஆகவே மூன்றாவது படத்துக்குத் தனியாகப் போவது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை மேட்னி. அன்றே கடைசி நாள், மறுநாள் படப்பெட்டி மெட்ராசுக்குத் திரும்புகிறது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தொடை ஆடியது. பேப்பர் படித்தால் பாதம் ஆடியது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நான் நடந்த நடையில் தெருநாய்க்கே அலுத்துப்போய், அது வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பொய்யை அவிழ்த்துவிட்டேன். வெகு யோசனைக்குப் பிறகு தயாரித்த பொய். மில்லில் என்னோடு தறி ஓட்டும் கலியமூர்த்தியை அதில் சேர்த்துக்கொண்டேன்.

“செல்வா, கலியமூர்த்தி சம்சாரத்துக்குக் கொழந்த பொறந்திருக்கு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்துட்டு வந்துடறேன்.”

“யாரு, ரஞ்சிதத்துக்கா? மாசமா இருந்தாளா? சொல்லவே இல்லியே! நானும் வர்றேன்.”

“நீ வேணாம். பொம்பளைங்க கூட்டம் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“ஆம்பள போலாம், பொம்பள போவக் கூடாதா? இது இன்னா ஆஸ்பத்திரி?”

“புது சட்டமாம்.”

“இன்னா கொழந்த?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “அது... கொழந்ததான்” என்றேன்.

அவள் என் ஆடும் தொடையை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, போயிட்டு வாங்க. ஆனா வெறுங்கையோட போவக் கூடாது. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணும். நாளைக்கே பெரிய மார்க்கெட்டு போயி நல்ல பால்சுறாவா பாத்து வாங்கி, புட்டு செஞ்சு தர்றேன்.”

எனக்கு மண்டையில் அடித்ததுபோல் இருந்தது. உலகத்தில் எத்தனை பொய் இருக்கிறது! மாமா செத்தார் என்று சொல்லியிருக்கலாம். மில்லில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கலாம். மீனவர் வீட்டுப் பெண்ணிடம் பிரசவம் என்று சொன்னால் சுறாப்புட்டு வரும் என்பது இந்தக் கரையோரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துத் தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து, மூடியையும் மீறி வாசனை தெருவுக்கே போனது.

“சூடு ஆறுறதுக்குள்ள ரஞ்சிதத்துக்குக் குடுத்துடுங்க.”

“ஆவட்டும், ஆவட்டும்.”

“மிச்சம் வெக்காம சாப்புடச் சொல்லுங்க. பாத்திரம் காலியா வரணும்.”

சைக்கிளை மிதித்தேன். தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டை நீட்டி, கிழித்த பாதியை வாங்கிப் பையில் போட்டு, இருட்டில் போய் உட்கார்ந்தேன். பாத்திரம் மடியில். படம் ஆரம்பித்தது. ஆகா, என்ன படம்! ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், மட்டமான படகு ஒன்று. தண்ணீரைக் காட்டினார்கள். துடுப்பு வந்தது. துடுப்பு போனது. வயிறு கலங்கியது.

பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்.

“மிசியே, படத்துல சுறா வந்தா வாசனைகூட வருதா?”

“அது நம்ம பாத்திரங்க.”

“அப்ப ஏன் மூடி வெச்சிருக்க?”

அவர் கேட்டதும் நியாயம்தான். பாத்திரம் காலியாகப் போகவேண்டும். இடைவேளையில் திறந்தேன். பெரியவர் ஒரு பிடி தின்று, “த்ரே பொன்! ரொம்ப ஜோர்!” என்றார். பின்வரிசையில் இருந்து கை நீண்டது. முன்வரிசை திரும்பியது. விளக்கு அணைவதற்குள் மூன்று வரிசைக்கு என்னைத் தெரிந்துவிட்டது. பாத்திரம் காலி. கவலை தீர்ந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. கதாநாயகன் பாறைமேல் தனியாக நிற்கிறான். கையில் ஒரு கயிறு. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சுறா வருகிறது. வாயைத் திறக்கிறது. நான் நாற்காலி நுனியில். இதோ சாகப்போகிறது, இதோ!

அந்தச் சமயத்தில், அவசரத்துக்கு ஆள் கூப்பிடுவதற்குப் போடுவார்களே, அந்தக் கையெழுத்து சிலைடு சுறாவின் வாய்மேலேயே விழுந்தது.

“ரெட்டியார்பாளையம் காசிலிங்கம் உடனே வெளியே வரவும். புட்டுப் பாத்திரத்தை மறக்கவேண்டாம்.”

மூன்று வரிசையும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது. “புட்டுக்காரரே, கூப்புடுறாங்க!” என்று எவனோ கத்தினான். தியேட்டர் சிரித்த சிரிப்பில் சுறாவே பயந்திருக்கும். அடித்துப் பிடித்து வெளியே ஓடினேன்.

வாசலில் செல்வாம்பாள். அவள் பக்கத்தில் கலியமூர்த்தி சம்சாரம் ரஞ்சிதம். மெலிசான உடம்பு, இடுப்பில் கூடை, முகம் கொள்ளாத சிரிப்பு. டிக்கெட் கிழிக்கிற இடத்தில் பக்கிரி. செல்வாம்பாளின் சித்தப்பா மகன். நான் முகம் பார்க்காமல் டிக்கெட் நீட்டியது இவனிடம்தான்.

“நேத்து மார்க்கெட்டுல இவளுக்கோசரம் சுறா வாங்கினு இருந்தேன்” என்றாள் செல்வாம்பாள். “பக்கத்துல நின்னு நெத்திலிக்கு பேரம் பேசுது ஒரு பொம்பள. யாருன்னு பாத்தா, புள்ள பெத்தவ!”

“தெரிஞ்சே புட்டு செஞ்சியா?”

“வாங்குன மீனை இன்னா பண்றது?”

“நான் இங்கதான் இருப்பேன்னு யார் சொன்னா?”

“ஒரு வாரமா உங்க தொடை சொல்லிச்சி. டிக்கெட்டைக் குடுங்க.”

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பாதி டிக்கெட் ஒன்று, ஆள் இரண்டு. பக்கிரி கதவை அகலமாகத் திறந்து, “வாக்கா, சீக்கிரம் வா, முக்கியமான கட்டம்” என்று இருவரையும் உள்ளே விட்டான். நான் பின்னாலேயே நுழையப் பார்த்தேன்.

“மாமா, வெளிய போனா போனதுதான். தியேட்டர் ரூல்ஸு.”

கதவு மூடியது. நான் காலிப் பாத்திரத்தோடு வாசலுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடந்தேன். உள்ளே ஒரு பெரிய அலறல். அப்புறம் மயான அமைதி. அப்புறம் செல்வாம்பாள் என்னமோ சொல்வது கேட்டது. தியேட்டரே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. கதவில் காதை வைத்தேன். பக்கிரி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

படம் விட்டு ஜனம் வெளியே வந்தது. ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். “அம்மாடி, அந்தக் கயித்தை இப்பிடி மாட்டுவான்னு நான் நெனைக்கவே இல்லக்கா!” என்றாள். செல்வாம்பாள் அவளைக் கையால் அமர்த்தினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டேன். “செல்வா, நாளைக்குப் பெட்டி போயிடும்டி. அந்தக் கயித்தை இன்னா பண்ணான்? சுறா எப்பிடி செத்துச்சி? அத்த மட்டும் சொல்லிடு.”

பாத்திரத்தைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து மூடினாள்.

“சொல்றேங்க. கலியமூர்த்தி கொழந்தைக்குப் பேரு வைக்கிற அன்னிக்கு.”