தேங்காய்க் குடுமி வழியே சிகாகோ

தங்கைக்கு வரன் பார்க்கும் அண்ணன் ஒருவன் கையில் உலகப் படத்தையும் நூற்கண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. பணியாற்றும் பள்ளியிலிருந்து நானே எடுத்து வந்தேன். (தமிழாசிரியருக்கு உலகப் படம் எதற்கு என்று அங்கேயே ஒருவர் தடுத்திருக்கலாம்.)

மாப்பிள்ளை சரவணனுக்கு ஆவுடையார்கோவில். வேலை சிகாகோவில் என்றார்கள். "டெல்லியில ஏறுனா நேரா சிகாகோதாங்க. பதினஞ்சு மணி நேரம்" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோதே எனக்குள் ஐயம் முளைத்தது. "வடக்க, பனிக்கு மேல பறந்து போகும்" என்றதும் அது கிளை விட்டது. மேற்கே இருக்கும் ஊருக்கு ஒருவர் ஏன் வடக்கே போகிறார்?

படத்தை விரித்து நூலை இழுத்தேன். அதிலிருந்த அளவுகோலின்படி பதினெட்டாயிரம் கிலோமீட்டர். எப்பேர்ப்பட்ட வானூர்தியும் இருபது மணி நேரம் பறந்தாக வேண்டும். ஆக, ஐந்து மணி நேரத்தைக் காணவில்லை. இவர் டெல்லியைத் தாண்டியதே இல்லை, அங்கே ஏதோ கடையில்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். (அவர் அனுப்பிய படங்களில் தெரிந்த பனிகூட எனக்குப் பஞ்சாகவே பட்டது.)

நிச்சயம் கறம்பக்குடியில், எங்கள் வீட்டில். தட்டு மாற்றப் பெரியவர்கள் எழுந்த வேளையில் நான் நூற்கண்டும் கையுமாகச் சுவரில் உலகப் படத்தை மாட்டினேன்.

"மாப்பிள்ளை, மிச்சம் அஞ்சு மணி நேரம் எங்க போச்சு?"

விவரம் கேட்டறிந்த மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம பயலப் பொய்க்காரன்னு சொல்றாரு. தட்ட எடுங்க, கெளம்புவோம்."

இனி இந்த வீட்டில் உனக்குச் சோறில்லை என்றது என் தாயின் பார்வை.

அப்போதுதான் தங்கை மங்கை பட்டுப்புடவை சரசரக்க எழுந்து வந்தாள். "மாமா, ஒரு நிமிசம் இருங்க" என்று சித்தப்பாவை நிறுத்தி, அவர் கையிலிருந்த தட்டிலிருந்து குடுமித் தேங்காயை எடுத்தாள். குடுமிக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு குங்குமப் பொட்டு வைத்தாள்.

"அண்ணே, இது டெல்லி. அங்கிட்டு இருக்கிறது சிகாகோ. பக்கவாட்டுல நூலச் சுத்துங்க."

சுற்றினேன்.

"இப்பக் குடுமிய ஒட்டி மேலால இழுங்க."

இழுத்தேன். நூல் மிஞ்சிற்று.

"அந்த மிச்சந்தான் ஒங்க அஞ்சு மணி நேரம். பூமியப் பாய் மாதிரி விரிச்சு வச்சுக்கிட்டு மனுசனச் சந்தேகப்படுறீங்க."

சித்தப்பா தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு வெவரமாத்தான் இருக்கு. தட்டக் கீழ வைங்க. ஆனா பந்தியில இவரு பக்கத்துல எனக்கு எலை போடாதீங்க."

சென்ற ஆண்டு மங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தையை என் மடியில் அமர்த்துமுன் மாப்பிள்ளை ஒரு தட்டை நீட்டினார். அதில் இரண்டு பொட்டு வைத்த குடுமித் தேங்காயும் நூற்கண்டும் இருந்தன.

"மச்சான், ரெண்டு காதுக்கும் எம்புட்டுத் தூரம்னு மொதல்ல அளந்துருங்க. பெறகு பேச்சு வரக்கூடாது பாருங்க."

பந்தலே சிரித்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். (குழந்தையை அளக்கவில்லை. தேங்காயை மட்டும், யாரும் பார்க்காதபோது, இன்னொரு முறை அளந்தேன். நூல் மிஞ்சத்தான் செய்தது.)