பையில் போன இடது பெடல்

தன் மனைவி சவுரியம்மாள் சைக்கிள் ஏறித் திண்டிவனம் வீதியில் போவதை, தன் உயிர் உள்ளவரை அனுமதிப்பதில்லை என்று ராயப்பன் தீர்மானம் செய்தார்.

காரணம் சைக்கிள்தான். சீமைக்குக் கப்பலேறிய கன்னியாஸ்திரி ஒருவர் விற்றுப்போனது. குறுக்குக் கம்பி கிடையாது. "பொம்பளைங்க வண்டியாச்சே" என்று யாராவது சொன்னால், "ஏறி இறங்க சௌகரியம்" என்பார். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸே கரிப்புகையில் ஓடுகிறது. சைக்கிள் என்றால் சாமானியமா?

அந்தச் சௌகரியம் சவுரியம்மாளின் கண்ணிலும் பட்டுவிட்டது.

"பகலெல்லாம் சும்மாத்தானே நிக்குது. பெருமுக்கல் போயி எங்கம்மாவப் பாத்துட்டு வந்துடுவேங்க."

"எதிர்வீட்டு சீனுவாசன் பாத்தா? ராயப்பன் பொண்டாட்டி சைக்கிள் வுட்டுக்கினு போறான்னு தமுக்கடிப்பான்."

ராயப்பன் தினமும் ரயிலேறி விழுப்புரம் கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தா. வண்டியும் மனைவியும் வீட்டில். பூட்டினால் சாவியைக் கண்டுபிடித்துவிடுவாள். இடது பெடலைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விட்டால்?

ஸ்பேனரை மாட்டித் திருகினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினார். பெடல் இறுகியது, வேட்டிதான் தளர்ந்தது.

"அப்படியில்லீங்க" என்றாள் சவுரியம்மாள், இடுப்பில் குழந்தையோடு. "இடதுக்கு மட்டும் மறை எதிர்ப்பக்கம் வச்சிருக்காங்க. இல்லாட்டி மிதிக்க மிதிக்கத் தானா கழண்டு வுழுந்துடும்."

"எனக்குத் தெரியாதா? கைக்குப் பயிற்சின்னு திருகிக்கினு இருந்தேன்."

எதிர்ப்பக்கம் திருப்பினார். வெண்ணெயாக வந்தது.

அதிலிருந்து ஒரு மாதம், காகிதத்தில் சுருண்ட பெடல் தூக்குச்சட்டியோடு விழுப்புரம் போய்வந்தது. சாயங்காலம் மாட்டி ஊர்வலம் போவார். காலையில் கழற்றுவார். வீட்டில் நொண்டியாக நிற்கும் வண்டியை நினைத்தாலே கோர்ட்டு நாற்காலியில் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலும்.

ஒரு நாள் காலை, நகலெடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்த கேஸ் கட்டும் பெடலைப் போலவே காகிதத்தில் சுற்றி, அதன் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. பதினோரு மணிக்கு அது நீதிபதி முன்னால் இல்லையென்றால் வேலை போச்சு. ஸ்டேஷனில் ரயிலுக்குக் கைகாட்டி இறங்கியபோதுதான் பையைப் பிரித்துப் பார்த்தார். பெடல் இருந்தது. கட்டு இல்லை.

வீடு முக்கால் மைல். ரயில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க பாரு ராயப்பா" என்றார் பக்கத்தில் நின்ற சீனுவாசன். "உன் வீட்டம்மா வர்றாங்க."

சவுரியம்மாள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். கூடையில் கேஸ் கட்டு. இடது கால் சும்மா தொங்கியது. வலது காலால் ஒரு மிதி. பிறகு அதே பெடலைப் பின்பக்கமாகவே மேலே தூக்கிவிட்டு மறுபடி ஒரு மிதி. பின்னால் சுற்றியதைச் சக்கரம் சட்டையே செய்யாமல், டிக்டிக்கென்று தன்பாட்டுக்கு ஓடி வந்தது.

"மறந்துட்டீங்களே" என்று கட்டை நீட்டினாள். சீனுவாசனிடம் திரும்பி, "புள்ளைய உங்க வீட்டு அக்காதான் வச்சிருக்காங்க" என்றாள்.

ராயப்பன் தமுக்குச் சத்தத்துக்குக் காதைத் தயார் செய்துகொண்டார்.

"ஒத்தக் கால்லயே இம்மாம் ஜல்தியா" என்று வாயைப் பிளந்தார் சீனுவாசன். "எங்க வீட்லயும் இருக்காளே. யாருப்பா இவங்களுக்குக் கத்துக்குடுத்தது?"

ராயப்பன் நெஞ்சில் குறைந்துபோன இரண்டு அங்குலமும் திரும்பி வந்தது.

"வேற யாரு? நான்தான்."

"ஆமாங்கண்ணா, இவருதான்" என்றாள் சவுரியம்மாள். "பெருமுக்கலுக்கே நாலு தபா போயாந்துட்டேன். ரெண்டு பெடலையும் வுட்டுட்டுப் போயிருந்தா ஒத்தக் கால்ல ஓட்ட எனக்கு எங்க வரப்போவுது?"