வெற்று வானத்தைக் கழிப்பவர்

'ம்' கொட்டும் மனிதர்களில் பல வகை உண்டு. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கொட்டுபவர், போனைத் தடவிக்கொண்டே கொட்டுபவர், தூங்கிக்கொண்டே கொட்டுபவர். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். ஆனால் 'ம்' கொட்டுவதை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்துவிட்ட உயர்ரக ஆசாமியைப் பார்க்க வேண்டுமானால், ரேடியோ தொலைநோக்கி நிலையத்தின் இரண்டாம் மாடிக்கு வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம். தட்டினாலும் 'ம்' என்பாரே தவிர நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

நிலையத்தில் அவருக்குக் 'கழித்தல் சார்' என்று பெயர். கிழட்டு நட்சத்திரங்களின் எடைக் குறைவை அளப்பது அவர் வேலை. வயதான நட்சத்திரம் பூதாகாரமாகப் பெருத்து, தன் உடம்பைத் தானே வாயுவாக ஊதித் தள்ளுகிறது. அந்த வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் மெல்ல முனகும். அந்த முனகல் கணினித் திரையில் ஒரு சின்ன மேடாக விழும். மேட்டின் அகலம் வாயு எந்த வேகத்தில் போகிறது என்று காட்டும். உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு போகிறது என்பது வந்துவிடும். அங்கே வருஷத்துக்கு மூன்று பூமி எடை கரைந்தால் இங்கே சாருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் யார் கரைந்தாலும் தெரியாது.

முனகலோ பரம மெல்லியது. வானத்தின் இரைச்சலும் கருவியின் இரைச்சலும் அதைப்போல் ஆயிரம் மடங்கு. ஆகவே ஒரு தந்திரம். கொஞ்ச நேரம் நட்சத்திரத்தைப் பார். கொஞ்ச நேரம் பக்கத்திலுள்ள வெற்று வானத்தைப் பார். முன்னதிலிருந்து பின்னதைக் கழி. எப்போதும் இருப்பதெல்லாம் ஓடிவிடும், நட்சத்திரம் மட்டும் நிற்கும். தொழிலுக்கு அருமையான யோசனை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் கழித்தே பழகிய காது, சாயங்காலம் வீடு திரும்பியதும் சும்மா இருக்குமா? மின்விசிறி, ஃபிரிட்ஜ், தெருவில் போகும் லாரி, மனைவி. நான்கையும் ஒரே கட்டாகக் கட்டிக் கழித்துவிட்டு, சார் நிம்மதியாக 'ம்' கொட்டினார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி என்றால் அவருக்கு உயிர்தான்.

இப்படியிருக்க, போன திங்கட்கிழமை புதுக் கருவி பொருத்தினார்கள். பதினோரு வருஷமாக அவர் அளந்துவரும் நட்சத்திரத்தின் மேட்டில், நட்டநடுவே ஒரு பள்ளம்! கருவிதான் கோளாறு என்று சார் குதித்தார். கருவியைக் கவனிக்கும் பொறியாளர் பெண்மணி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வந்தார்.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். ஒண்ணுமே இல்லாத எடம்னு கழிக்கிறீங்களே, அங்க மெல்லிசா ஒரு மேகம் இருக்கு, பழைய கருவிக்கு அது புலப்படல. அதுலயும் இதே வாயு. அதையும் சேர்த்துக் கழிச்சா பள்ளம் விழாம என்ன செய்யும்?"

"அங்க ஒண்ணும் கிடையாதும்மா."

"அந்த எடத்தை மட்டும் என்னிக்காவது தனியா பார்த்திருக்கீங்களா?"

சாருக்குச் சுருக்கென்றது. பார்த்ததேயில்லை. நட்சத்திரம் இழந்ததைப் பதினோரு வருஷமாகக் குறைத்தே சொல்லிவந்திருக்கிறார்.

மனம் நொந்து வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஏதோ குறைந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. லாரியும் போயிற்று. பாக்கி ஒன்றுதான்.

மனைவி உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்கு. வேற ஊர் ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா போட்டிருக்காங்க. ரெண்டு வருஷம். சனிக்கிழமை சேரணும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"ஆறு தடவை சொன்னேன். போகட்டுமான்னேன், 'ம்'னீங்க. துணைக்கு எங்கண்ணன் வந்து இருக்கட்டுமான்னேன், 'ம்'. அவரு இப்பத்தான் வயலின் கத்துக்கறாரு, பரவாயில்லையான்னேன். அதுக்கும் 'ம்'. சரி, பார்ப்போம்னு மூணு நாளா நான் வாயே திறக்கல. நேத்திக்கு மட்டும் ரெண்டு தடவை 'ம்'னீங்க."

சார் பெட்டியை எட்டிப் பார்த்தார். மின்விசிறியும் ஃபிரிட்ஜும் லாரியும் மட்டும் மிஞ்சிய வீட்டை நினைத்துப் பார்த்தார். மைத்துனரின் வயலினையும் அதில் சேர்த்துப் பார்த்தார். உண்மையிலேயே பயந்துபோனார்.

"நானும் வரட்டுமா? நீளமா லீவு இருக்கு. கணக்கை எங்க உக்காந்தும் போடலாம். இனிமே நீ சொல்றதை ஒரு வார்த்தை விடாம கேக்கறேன். நான் வரட்டுமா?"

மனைவி துணியை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ம்."

சம்மதமா? அல்லது கேட்கவேயில்லையா? அந்த 'ம்'மின் அகலத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டபடி, சார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேயிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் உங்களை ஏதோ கேட்டது. நீங்களும் 'ம்' என்றீர்கள். எதற்குச் சம்மதித்தீர்கள் என்று எழுந்து போய் விசாரியுங்கள். வாசலில் யாரோ வயலின் பெட்டியை இறக்கிவைக்கிற சத்தம் கேட்கிறது.