என் தாடையும் உன் அக்காளின் எலும்பும்

மெரிதா நகரத்தில் மகன், மருமகள், சொந்தப் பல்வரிசை ஆகிய சகல பாக்கியங்களோடும் வாழ்ந்துவரும் என் கொழுந்தி தோமிதிலாவுக்கு, போமுச்சிலிருந்து உன் பொக்கைவாய் அத்தான் வெனான்சியோ எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். சர்க்கரை என்னைவிட நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா, மகன் நேரத்துக்கு வீடு வந்து சேருகிறானா என்று அறிய ஆவல்.

பக்கத்து வீட்டு பெர்னார்தாவிடம் போனில் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. சொல்லுக்குச் சொல் ஒப்பித்தாள், புண்ணியவதி. "கல்லறைத் திருநாளுக்கு வர்றேன், எங்க அக்கா எலும்பை ஒண்ணொண்ணா எண்ணுவேன், ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டியோட மெரிதாவுக்குத் தூக்கிட்டு வந்துருவேன், அந்த மனுசன் நாயைக் கட்டிப் பிடிச்சுப் படுத்துக்கட்டும்." அன்று முதல் எனக்குச் சோளக்கஞ்சிகூட இறங்கவில்லை. நான் உன் அக்கா ஃபிதேலியாவின் எலும்பை வாயில் போட்டுக்கொண்டு ஊரில் அலைகிறேன் என்று உனக்கு முதலில் சொன்னதும் இந்த பெர்னார்தாதான் என்று எனக்குத் தெரியும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுப் பிறகு திட்டு.

அடக்கத்தன்று நீ என் பக்கத்தில்தான் நின்றாய். சவப்பெட்டி இறங்கும்போது நான் குழியில் குனிந்து அவள் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதேன், அழுத வேகத்தில் மேல் பல்செட்டு கழன்று நேரே குழிக்குள் போய் விழுந்தது. சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டார். வெட்டியான், "இறங்கி எடுக்கட்டா?" என்று கேட்டான். நீ மூக்கைச் சிந்திக்கொண்டே, "விடுங்க அத்தான், அக்கா துணையோடயாவது போகட்டும்" என்றாய். நான் எடுக்கச் சொல்லிக் கத்தினேன். என்னே பாசம் என்று ஊர் மெச்சியது. பல் போனால் சொல் போச்சு, தோமிதிலா, நான் சொன்னதுதான் யாருக்கும் புரியவில்லை. அதன் பிறகு வேறு பல்செட்டு கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. கஞ்சிக்குப் பல் எதற்கு? எதிரே உட்கார்ந்து, "சப்புக் கொட்டாம குடியேன்யா" என்று ஏசுவதற்கு ஆளில்லாத வீட்டில் எப்படிக் குடித்தால்தான் என்ன?

மூன்று வருடம் கழித்து, நம் ஊர் வழக்கப்படி எலும்பை எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைக்கத் தோண்டினோமே, அப்போது அவளைப் பார்ப்பதற்கு முன் என் பல்செட்டைத்தான் பார்த்தோம். மண்ணும் தின்னவில்லை, புழுவும் சீந்தவில்லை, இளஞ்சிவப்பு ஈறோடு சிரித்துக்கொண்டு கிடந்தது. நீ ஊருக்குப் போன பிறகு அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வாயில் மாட்டினேன். நிற்கவில்லை. வாயைத் திறந்தால் விழுந்தது, மூடினால் கடகடவென்று ஆடியது. பல்செட்டு இருந்த அளவிலேயே இருக்கிறது, நான்தான் சுருங்கிப்போனேன். அந்த மூன்று வருடத்தில் அவள் எலும்பாக ஆனாள், நான் எலும்பில்லாமல் ஆகியிருக்கிறேன். பயந்துபோய்க் காம்பெச்சே நகரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பல் டாக்டர் சுலேமா என்று ஒரு பெண், வடக்கே மோன்தெரே பக்கத்துக்காரி, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, மெல்ற வேலை இல்லன்னா தாடை எலும்பு தானா கரைஞ்சு போயிரும். உங்களுக்கு மேல முட்டை ஓட்டுக் கனம்தான் மிச்சம். பல்லைத் தாங்கத் திருகு வச்சா எதுல போய் நிக்கும்?" என்று கேட்டார். என்னைக் கேட்டால்? பிறகு அவரே வழியும் சொன்னார். முதலாவது, தாடையை விட்டுவிட்டுக் கன்னத்து எலும்பில் நீளமான திருகுகளை இறக்கி, அதில் பல்லைக் கட்டுவது. மெரிதாவில் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்களாம், அதற்கு முன் என் சர்க்கரை இறங்க வேண்டுமாம். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் திருகு இருந்தால் அழும்போது துருப்பிடிக்காதா என்று கேட்டேன். "டைட்டானியம் துருப்பிடிக்காது ஐயா, நீங்க தாராளமா அழலாம்" என்றார். தங்கமான பெண். இரண்டாவது, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றறையின் தரையைத் தூக்கி, அடியில் எலும்புத்தூளை வைத்து மூடிவிட்டு, அது ஒட்டும்வரை ஆறேழு மாதம் காத்திருந்து, அதன் பிறகு திருகு. எதுவுமே வேண்டாம் என்றால் புதிதாக அளவெடுத்து ஒரு பல்செட்டு, பசை தடவி ஒட்டிக்கொள்ள வேண்டியது. ஆனால் எலும்பு கரைவது நிற்காதாம்.

"எலும்புத்தூள்னா யாரோட எலும்பு?" என்று கேட்டேன். போமுச்சுக்காரன் வேறென்ன கேட்பான்? "மாட்டெலும்பு இருக்கு. இல்லன்னா எலும்பு வங்கியில வாங்கலாம், செத்தவங்க தானமா குடுத்தது, நல்லா சுத்தம் பண்ணிப் பொடி பண்ணினது" என்றார். யார் அவர், எந்த ஊர், பெயரென்ன என்றேன். "அதெல்லாம் சொல்ல மாட்டாங்க ஐயா." "அம்மா, நாளைக்கு நான் செத்து, என் எலும்பை எடுத்துக் கழுவுறப்ப, இதுல எது வெனான்சியோ, எது விருந்தாளின்னு எங்க ஆளுங்க எப்படிப் பிரிப்பாங்க? மாடா இருந்தா எந்தப் பெட்டியில வைப்பாங்க?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவ்வளவு கவலையா இருந்தா உங்க வீட்டு எலும்பையே கொண்டாங்களேன்!" என்றார். எலும்பு விஷயத்தில் போமுச்சுக்காரனிடம் வேடிக்கை பேசக்கூடாது என்று வடக்கேயிருந்து வந்த பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மறுநாளே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உன்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டால் நீ தரமாட்டாய். ஃபிதேலியாவிடம் கேட்டேன். பெட்டியைத் திறந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, முட்டை ஓடு முதல் மூக்கு வரைக்கும் எல்லாவற்றையும் விளக்கி, "குடுக்கறியா?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எதைக் கேட்டாலும் வாயை மூடுவதற்குள் "முடியாது" என்று சொன்னவள் அவள், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வலது கைச் சுண்டுவிரலின் நுனி எலும்பு ஒன்றே ஒன்று. நீ பூவேலை செய்து கொடுத்த துணியில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள் பெர்னார்தா. "என்னண்ணே, டப்பாவுல என்ன?" என்றாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஃபிதேலியா" என்றேன். ஊர்க்கதை பிறந்தது அங்கேதான்.

டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். "இது... யாரு ஐயா?" "என் சம்சாரம்." உதவிக்கு நின்ற பெண் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனவள்தான், திரும்ப வரவில்லை. டாக்டர் கத்தவில்லை, தோமிதிலா. கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னேன், என் தப்பு. இதை வைக்க முடியாது ஐயா, சீழ் பிடிச்சிரும்" என்றார். நன்றாகக் கழுவியிருக்கிறேன் என்றேன். கழுவினால் போதாதாம். "பொறுத்திருந்தா ஒட்டாதா?" என்றேன். "ஒட்டாது. வங்கி எலும்புகூட அப்படியே தங்காது ஐயா. ஏணி மாதிரி கொஞ்ச நாள் நிக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பு வளரும், அது கரைஞ்சு போயிரும்." ஆக, செத்தவர் வந்து ஏணி பிடித்துவிட்டு, பெயரும் சொல்லாமல் போய்விடுகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. போகிறவள் ஒருத்தி போனது போதும்.

அதே டப்பாவோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எடுத்த இடத்திலேயே எலும்பை வைத்துவிட்டேன். இதுதான் நடந்தது. நான் வாயில் போட்டுக்கொண்டேன் என்பது பெர்னார்தாவின் கலப்படமில்லாத பொய். வா, வந்து எண்ணிப் பார், ஒன்றும் குறையாது. பெட்டியை மட்டும் கொண்டு போகாதே. ஆண்டுக்கு ஒரு தடவை தூரிகையை எடுத்து அவளைத் துடைத்து, புதுத் துணி விரித்து, ஊர் வம்பெல்லாம் சொல்லி முடிக்கிற அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் கஞ்சி குடிக்கிறேன். அவள் மெரிதாவுக்குப் போய்விட்டால் நான் எதைத் துடைப்பேன்? திருகும் வேண்டாம், தூளும் வேண்டாம், திருநாள் கழிந்ததும் புதுப் பல்செட்டுக்கு அளவு கொடுக்க வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். போதுமா?

மாதா உன் முழங்காலுக்குத் துணையிருக்கட்டும். உன் பற்கள் உனக்கு முன்னால் போகாமல் இருக்கட்டும். மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். வரும்போது அக்காளுக்குப் புதுத் துணி கொண்டு வா, பெயரைச் சிவப்பு நூலில் பெரிதாகப் போடு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
வெனான்சியோ கவிச்

பி.கு. உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். பெர்னார்தாவைத் திட்டாதே. டாக்டர் சின்னப் பெண், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுமா என்று தோன்றியது. திரும்பி வரும் பஸ் கிளம்பியதுமே அந்த எலும்பை வாயில் வைத்துக்கொண்டேன். மேலே, இடது பக்கம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில். கஞ்சி குடிக்கும்போது மட்டும் எடுக்கிறேன். இன்னும் ஒட்டவில்லை. நீ வருகிற அன்று காலையில் கழுவி அவள் கையில் வைத்துவிடுகிறேன், எண்ணினால் சரியாக இருக்கும். பெட்டியைக் கொண்டுபோவதானாலும் கொண்டு போ, தோமிதிலா. எண்ணி முடித்ததும் அந்த ஒன்றை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு.