எந்தக் கனகாம்பரம்?

காஞ்சிபுரத்தில் பிறந்தும் பட்டுப்புடவை விற்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் வாடாமல்லி அண்ணன்தான். காந்தி ரோட்டில் ஒரு தூணில் புடவையைச் சுற்றி வைத்தால்கூட யாராவது விலை கேட்பார்கள். அண்ணன் கையில் கொடுத்தால் கேட்க வந்தவர்களும் போய்விடுவார்கள்.

அண்ணன் வேலை பார்த்த பட்டுக்கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி எவ்வளவு திட்டினாலும் முகம் வாடாது என்பதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பெயிண்ட் டப்பாக்களில் அரளி, செம்பருத்தி, சங்குப்பூ என்று வளர்த்தார். யாரும் நடாமல் முளைத்த ஊமத்தை, எருக்கு, தும்பைக்கும் அதே மரியாதை, அதே தண்ணீர்.

யாராவது நீலப் புடவை கேட்டால் போதும். "எந்த நீலம்மா? சங்குப்பூவா, விஷ்ணுகிரந்தியா?" என்பார். அவர்கள் விழிப்பதற்குள் பின்பக்கம் ஓடி இரண்டையும் பறித்துக்கொண்டு வருவார். பூவோடு எறும்பும் வரும். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார் துள்ளி எழுந்து எதிர்க்கடைக்குப் போவார்கள்.

ஒருநாள் சென்னைப் பெண் ஒருத்தி லேவண்டர் கலர் கேட்டாள்.

"அந்தப் பூவ நான் பாத்ததே இல்லமா. பாக்காத பூவ நம்பி எப்படி புடவ காட்றது? இரு, கத்திரிப்பூ எடுத்துக்கினு வரேன்."

கொண்டுவந்தது கண்டங்கத்திரி. தரிசில் தானாக முளைப்பது, உடம்பெல்லாம் முள். விரித்த புடவைமேல் வைத்துவிட்டு எடுத்தார். ஜரிகையும் கூடவே வந்தது.

"யோவ்! இன்னொரு வாட்டி பூவோட உள்ள வந்த, அப்படியே வீட்டுக்குப் போயிடு!" என்று முதலாளி கத்தினார்.

"பூவுக்கு ஒண்ணும் ஆவல முதலாளி" என்றார் அண்ணன்.

அதன்பின் அவரை விற்பனையிலிருந்து மாற்றி, எந்தப் புடவைக்கு என்ன நிறம் என்று சாயப்பட்டறையில் சொல்லிவரும் வேலையைக் கொடுத்தார்கள். ஆபத்தில்லாத வேலை என்று முதலாளி நம்பினார், பாவம். அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவைக்கு நான் சொன்னது ஒரே வார்த்தை: கனகாம்பரம்.

நெய்து வந்த புடவையைப் பிரித்தால் ஆரஞ்சைக் காணோம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம் பளபளத்தது. அண்ணன் பட்டறையில் மாதிரிக்குக் கொடுத்தது, அதே நிறத்தில் பூக்கும் வேறு வகையான பச்சைக் கனகாம்பரப் பூ! அம்மா அழ ஆரம்பித்தாள். வேறு நெய்ய நாளில்லை.

"இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லட்டும், இன்னியோட நீ வேலைய விட்டு நின்னுக்கோ" என்றார் முதலாளி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கடைக்கு வர்றவங்கள எல்லாம் எந்தப் பூ, எந்தப் பூன்னு கேட்டு உயிர எடுக்கறீங்க. என்ன மட்டும் ஏன்ணா கேக்கல?"

"அவங்கல்லாம் வெளி ஆளுங்கமா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. அதான், இருக்கறதுலயே நல்லத குடுத்தேன்."

அன்றுதான் அந்த முகம் வாடி நான் பார்த்தேன். சகிக்கவில்லை.

"புடவ நல்லாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

முகூர்த்தத்தன்று காலையில் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். புடவைக்குத் தோதாகப் பச்சைக் கனகாம்பரச் சரம். செடியை மொட்டையடித்திருக்க வேண்டும்.

"எறும்பெல்லாம் தட்டிட்டேன்மா" என்றார்.

சரியாகத் தட்டவில்லை. தாலி ஏறும் நேரத்தில் கழுத்தில் ஒன்று கடித்தது. மணமேடையில் நான் அழுததற்குக் காரணம் அந்த எறும்புதான் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.