தள்ளிவிட்ட ஹைபிரிட்

காரைப் பற்றி அதிகம் பேசுகிறவன் வீட்டு வாசலில் பெரும்பாலும் மொபெட்தான் நிற்கும். என் வீட்டில் அதுவும் நிற்காது, சாயும்.

நான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் வண்டிகளைப் பட்டியலோடு சரிபார்க்கிறவன்; ஓட்டி இறக்குவது வேறு ஆட்கள். ஒரு வெளிநாட்டுச் சொகுசுக் காரின் எல்லாத் தலைமுறையும் என் கண்ணெதிரே இறங்கியவை. முதலில் எட்டு சிலிண்டர் பெட்ரோல். கிளப்பினால் நெஞ்சுக்கூடு அதிரும். அடுத்தது ஆறு சிலிண்டர். பிறகு நாலு சிலிண்டர் டீசல். இப்போது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். யார் கேட்டாலும் ஒப்பிப்பேன். (யாரும் கேட்டதில்லை.)

அக்கா மகள் ஜெனிபர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் முதலாளி அனுப்பியது அந்த ஹைபிரிட்டைத்தான். அப்பா இல்லாத பெண். கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவன் தாய்மாமனான நான். "லேட்டானா அடுத்த ஜோடி முடிச்ச பிறகுதான்" என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சாப்பிடப் போன டிரைவரைக் காணோம். சாவி என் கையில். ஜெனிபரைப் பின்சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை.

"இன்னா மாமா?"

"பேட்டரி பூட்ச்சிமா."

"ஏசி வருதே?"

"அது மிச்சம் மீதி காத்து."

காசிமேட்டில் தள்ளுவதற்கா ஆள் பஞ்சம்? கட்டுமரத்தையே மணலில் தள்ளி ஏற்றுகிறவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள். கோட்டு சூட்டோடு மாப்பிள்ளையின் அண்ணனும் சேர்ந்துகொண்டார். "ஐலசா!" நியூட்ரலில் கார் நகர்ந்தது.

"இன்னா வெயிட்டு மாமு! எத்தினி சிலிண்டரு?"

ஜன்னலில் தலையை நீட்டி, முதல் தலைமுறையிலிருந்து ஆரம்பித்தேன்.

"யோவ், மூடிகினு கியரப் போடுய்யா!"

தள்ளுகிற வண்டிக்கு வேகம் வந்ததும் கியர் போட வேண்டும் என்பது யார்டு லாரிகளில் கற்ற பாடம். போட்டேன், ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் சத்தமில்லாமல் பாய்ந்தது. மீன் தண்ணி ஓடிய தெருவில் அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள், கோட்டு உட்பட.

"மாமா, வண்டி தானா போய்கினு கீது."

"இன்ஜின் சத்தம் வரலியேமா!"

"சத்தம் போட்டாதான் ஓடுமா? பிரேக்க மிதி மாமா, கோயிலு வந்துட்ச்சி!"

நேரத்துக்குப் போய்விட்டோம். கைபிடித்து நடக்கும்போது ஜெனிபரின் தோள் குலுங்கியது. அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதி சிரிப்பு என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை.

பிறகு யோசித்தேன். தலைமுறைக்குத் தலைமுறை இன்ஜின் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எதிரிலேயே நின்று பார்த்த நான்தான் எட்டு சிலிண்டரிலேயே நின்றுவிட்டேன்.

போன மாதம் ஜெனிபருக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அசையாமல் கிடந்தது.

"இன்னாமா, சத்தத்தையே காணோம்?" என்று பதறினேன்.

பக்கத்தில் படுத்திருந்த ஜெனிபர் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஸ்டார்ட்லதான் கீது மாமா. தள்ளிடாத."