இருபத்தோராம் பக்கத்து மூக்கு

மாண்புமிகு பதிப்பாசிரியை, நாரை யூலோஹியா அம்மையார் அவர்களுக்கு, மான்ஸோ ஆற்றின் இடது கரையில் வசிக்கும், ஓய்வுபெற்ற தோணித்துறைக் கண்காணிப்பாளனான தபீர் அனக்லேத்தோ பணிவோடு எழுதுவது. தங்கள் சிறகுகளும் நெடுங்கால்களும் சுகமென நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி எர்மெலிந்தாவும் நலம். என் பின்பக்கம் மட்டும் நலமில்லை. அதன் பொருட்டே இக்கடிதம்.

தாங்கள் வெளியிட்ட 'நம் ஆற்றங்கரைக் குடிகள்' என்ற படப்புத்தகம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. நீர்நாய்களின் சந்தை, ஆமைகளின் அஞ்சல் படகு, ஊளைக்குரங்குகளின் கச்சேரி எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இருபத்தோராம் பக்கத்தில் இருப்பது நான். படத்துக்குக் கீழே அப்படித்தான் பெயர் போட்டிருக்கிறது. பன்றி உடம்புள்ள தபீர்களாகிய எங்களுக்கு மூக்கு மேலுதட்டைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். தங்கள் ஓவியர், டூக்கன் பறவை நிகானோர், என்னை உட்காரவைத்து வரைந்தபோதே, "தம்பி, மூக்கு கொஞ்சம் ஜாஸ்தியா போகுதே?" என்று கேட்டேன். அவர் தன் நீண்ட அலகைப் பெருமையாகத் தடவிக்கொண்டு, "மூக்கு நீளமா இருந்தாத்தான் ஐயா முகத்துக்கே ஒரு கம்பீரம்" என்றார். அந்தக் கம்பீரத்தில் பார்த்தால் நான் அசல் எறும்புதின்னி.

எங்கள் சமையலறைக்கு அடியில் இலைவெட்டி எறும்புகளின் ஊர் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் கீழே, நாங்கள் மேலே. எங்கள் ஆரஞ்சு மரத்து இலை அவர்களுக்கு, அவர்கள் வளர்க்கும் காளான் எங்களுக்கு. இதுவரை ஒரு மனத்தாங்கல் கிடையாது. பள்ளியில் படத்தைப் பார்த்த எறும்புக் குழந்தைகள் அலறிக்கொண்டு வீடு திரும்பின. அவர்களின் ஊர்த்தலைவி பெர்பேத்துவா மேஜைமீது ஏறி, என் மாத்தே தேநீர்க் கோப்பையின் விளிம்பில் நின்றுகொண்டார்.

"அனக்லேத்தோ ஐயா, இத்தனை வருஷமா ஒரே இடத்துல இருக்கோம். நீங்க யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அம்மா, நான் இலையும் பழமும் திங்கிறவன். உங்களுக்குத் தெரியாததா?"

"இதுவரைக்கும் அதத்தான் தின்னீங்க, ஒத்துக்கறேன். வயசானா வாய் வேற ருசி கேக்கும்."

"சந்தேகம்னா என் நாக்கைப் பாருங்க" என்று நல்லெண்ணத்தோடு நீட்டிக் காட்டினேன். அது தப்பாகப் போய்விட்டது. அவர் குதித்து ஓடிய வேகத்தில் கோப்பையே ஆடியது. சற்று நேரத்தில் கீழே மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. "நாக்கை நீட்டுற வயசா இது?" என்றாள் எர்மெலிந்தா. பெர்பேத்துவா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, குடும்பம் குடும்பமாக அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வென்செஸ்லாவோ என்பவர் தங்கள் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். இவர் நிஜமான எறும்புதின்னி. "அண்ணே! எங்க பெரியப்பா ஜாடை அப்படியே இருக்கு! குடும்பத்துல தொலைஞ்சுபோன கிளை ஒண்ணு இருக்குன்னு அம்மா சொல்லிட்டே இருந்தா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லவர். அழுது முடித்ததும் மூக்கைத் தூக்கி மோந்தார். "சமையலறைப் பக்கம் என்ன அண்ணே, வாசனை ஆளைத் தூக்குது?"

பின்வாசலில், பப்பாளி மரத்தடியில், எறும்புகளின் பெரிய வாசல் திறந்து கிடந்தது. ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணே, மண்ணுல உக்காந்துட்டீங்க?"

"மூட்டு வலி. இந்த மண்ணுதான் எனக்கு ஒத்துக்குது."

உள்ளே இருந்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கடிக்க ஆரம்பித்தார்கள். எர்மெலிந்தா நாற்காலி கொண்டுவந்து, "விருந்தாளி முன்னாடி மானத்தை வாங்காதய்யா, எழுந்திரு" என்றாள். கண்ணடித்துக் காட்டினேன். "கண்ணுல தூசியா?" என்று ஊத வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. அண்ணனைத் தனியே நனைய விடலாமா என்று வென்செஸ்லாவோவும் பக்கத்தில் உட்கார்ந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். அவர் சித்தி வெள்ளத்தில் போன கதை வந்தபோது என் கண்ணில் நீர் கொட்டியது. அவர் உருகி என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மையாரே, அது சித்திக்காக வந்த நீர் இல்லை.

சாயங்காலப் படகில் அவரை அனுப்பச் சொல்லி எர்மெலிந்தாவிடம் ஜாடை காட்டினேன். அது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. அவர் போனபின் நான் எழுந்தபோது, கடித்துக்கொண்டிருந்தவர்கள் விடாமல் என்னோடு மேலே வந்தார்கள். பப்பாளி இலைக்கு அடியிலிருந்து பெர்பேத்துவா வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"எங்க பொண்ணுங்கதான் கடிச்சது. வாசலை அடைச்சு எங்களப் பிடிக்கறீங்கன்னு நெனச்சுட்டோம்."

"நெனச்சதுல தப்பில்லம்மா."

"ரொம்ப வலிச்சுதா?"

"புள்ளைங்கள நல்லா வளத்திருக்கீங்க. ஒருத்திக்குக்கூடப் பல்லு மொன்னையில்ல."

அவர் என் முன்னங்கால் விரல்மீது ஏறி வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு கீழே மூட்டைகள் அவிழும் சத்தம் கேட்டது. வீக்கத்துக்குப் பற்றுப்போடக் காளானும் வந்தது. இக்கடிதத்தை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகவே அம்மையார் அவர்கள் கருணைகூர்ந்து அடுத்த பதிப்பில் என் மூக்கைப் பாதியாகக் குறைத்து, 'தபீர்கள் எறும்பு தின்பதில்லை' என்று ஒரு வரியும் சேர்த்து, ஓவியர் நிகானோரைக் கண்டிக்குமாறு மன்றாடுகிறேன். தங்கள் கூடு எந்த வெள்ளத்துக்கும் எட்டாத உயரத்தில் நிலைக்கட்டும். குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அனக்லேத்தோ

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். அஞ்சல் ஆமைக்காகக் காத்திருந்தபோது, ஊர் ஊராகச் சூறையாடும் படையெறும்புகள் எங்கள் வேலிவரை வந்துவிட்டன. பெர்பேத்துவாவும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை இழுத்துவந்து, இருபத்தோராம் பக்கத்தைத் திறந்து வேலியில் சாய்த்துவைத்தார்கள். படைத்தலைவி படத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "வழி மாறி வந்துட்டோம்டி" என்று மொத்தப் படையையும் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்த வரியைத் தயவுசெய்து அச்சிட்டுவிடாதீர்கள். நிகானோர் தம்பியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். முடிந்தால் மூக்கை இன்னும் ஒரு சாண் நீட்டச் சொல்லி, கீழே இருப்பவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள்.